ராசா முடியை வெட்டின கை

கப்பலேறி மேக்கால போயிக்கிட்டே இருந்தா, வெயிலு குறைஞ்சு குளிரு கூடிக்கிட்டே வர்ற ஒரு சீமை வரும் பாரு, அந்தச் சீமையில ரொம்பக் காலத்துக்கு முன்னால பிராங்குன்னு ஒரு சனம் இருந்துச்சு, அந்தச் சனத்துக்கு தாகோன்னு ஒரு ராசா இருந்தாரு. அந்த ஊருல ஆம்பளைப் பேருல பாதி ஓன்னுதான் முடியும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

ராசான்னா கிரீடம் இருக்குமான்னு கேக்குறியா? அவங்களுக்குக் கிரீடமெல்லாம் பெருசில்ல. முடிதான் பெருசு. ஆமா, தலைமுடி! ராசா வம்சத்துல ஒரு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சுன்னா, பொறந்த நாள்ல இருந்து அது தலையில கத்திரி படக் கூடாது, கத்தி படக் கூடாது, இரும்புன்னு ஒண்ணுமே படக் கூடாது. ஊருல மத்த ஆம்பளைங்க எல்லாம் காதளவோட வெட்டிக்கணும். ராசா மட்டும் இடுப்பு வரைக்கும் தொங்கவிட்டுக்கலாம். முடி இருக்கிற வரைக்கும்தான் ராசா. எவனாவது வெட்டிட்டான்னா அன்னிக்கே ராசா இல்ல, கொண்டு போயி சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மடத்துல விட்டுடுவாங்க. அங்க மாசத்துக்கொரு தரம் தலையைச் சிரைச்சுக்கிட்டே இருப்பாங்க, அப்புறம் முடியும் வளராது, ஆளும் வெளியில வர மாட்டான்.

அப்படிப்பட்ட முடியைச் சீவறதுக்குன்னு அரண்மனையில ஒருத்தி இருந்தா. அம்மா இல்ல, இம்மா. இம்மான்னு பேரு. தாகோ ராசா தொட்டில்ல கிடக்கும்போதே அவரைப் பெத்தவ போயிட்டா. அன்னியிலயிருந்து பாலு குடுத்தது இம்மா, குளிப்பாட்டினது இம்மா, கொம்புச் சீப்பை வச்சு சிக்கெடுத்தது இம்மா. அந்தச் சீமையில சீயக்காயும் கிடையாது, அரப்பும் கிடையாது, பாவம், வெறும் சாம்பத்தண்ணியில அலசி அலசியே அந்த முடியை அவ பட்டு மாதிரி வச்சிருந்தா. பெத்த பிள்ளை மேல இருக்கிற பிரியம் அவ்வளவும் அவளுக்கு ராசா மேல இருந்துச்சு.

ராசாவுக்கு இருபது வயசு. நல்ல பிள்ளை. ஆனா ஒண்ணும் தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கல, அதான். பேரிக்காயைப் பார்த்தா சாப்பிடுவாரு, பசியெடுத்தா சாப்பிடுவாரு, பசியெடுக்காட்டியும் சாப்பிடுவாரு. மார்ச்சு மாசம், நம்ம பங்குனி வரும்ல, அப்ப ஊரு சனமெல்லாம் ஒரு பெரிய மைதானத்துல கூடும். அன்னிக்கு ராசா மாட்டு வண்டியில ஏறிப் போயி, நாற்காலியில உக்காந்து, மூணு வார்த்தை சொல்லணும். "வந்தவங்களுக்கு வந்தனம். போறவங்களுக்கு வந்தனம். மத்ததை வார்னோ சொல்லுவாரு." அவ்வளவுதான். சொல்லிட்டு வண்டியேறித் திரும்பிடுவாரு.

யாரு அந்த வார்னோ? அரண்மனைக் காரியக்காரரு. வரி வாங்கறது அவரு, சண்டைக்கு ஆளைக் கூப்பிடறது அவரு, வழக்குத் தீக்கறது அவரு. "இந்த நாட்டுல என் கை படாம ஒரு வேலையும் நடக்காது"ன்னு நாளைக்கு மூணு வேளையும் சொல்லிக்குவாரு. எல்லா வேலையும் நாம பாக்கறோம், நாற்காலியில மட்டும் இந்தப் பேரிக்காய்ப் பய உக்காந்திருக்கானேன்னு அவருக்கு வயித்தெரிச்சல். அதனால என்ன பண்ணாரு, யாருக்கும் தெரியாம தன் முடியை வளக்க ஆரம்பிச்சாரு. மூணு வருஷமா ஒரு பெரிய தோல் குல்லாயைப் போட்டுக்கிட்டு அதுக்குள்ள சுருட்டி சுருட்டி வச்சிருந்தாரு. சாப்பிடும்போதும் குல்லா, கோயில்லயும் குல்லா. கேட்டா தலையில குளிருதுன்னுவாரு.

இனி ராசா முடியை வெட்டணும். யாரை வச்சு வெட்டறது?

முதல்ல ஆட்டு ரோமம் கத்திரிக்கிறவன்கிட்ட போனாரு. "ஏப்பா, ராசா தலையில கொஞ்சம் கத்திரி வை, உனக்கு நூறு ஆடு தர்றேன்." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "எசமான், ஆட்டைக் கத்திரிக்கச் சொல்லுங்க, மாட்டைக் கத்திரிக்கச் சொல்லுங்க, ராசா முடி மட்டும் என்னால ஆகாது."

அப்புறம் மடத்துல சாமியாருங்களுக்குத் தலை சிரைக்கிறவருகிட்ட போனாரு. அவரும் கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஐயா, சாமியாரைச் சிரைக்கச் சொல்லுங்க, சாமியாராகப் போறவனைச் சிரைக்கச் சொல்லுங்க, ராசா முடி மட்டும் என்னால ஆகாது."

அப்புறம் தன்கிட்ட இருந்ததுலயே முரட்டுச் சிப்பாய் ஒருத்தன்கிட்ட போனாரு. அவனும் கையெடுத்துக் கும்பிட்டான். "தலைவரே, கழுத்தை வெட்டச் சொல்லுங்க, காலை வெட்டச் சொல்லுங்க, ராசா முடி மட்டும் என்னால ஆகாது."

வார்னோவுக்கு எரிச்சல் வந்துடுச்சு. "வெறும் மயிரு! இதுக்கு இவ்வளவு பயமா? எல்லாத்தையும் நாமதான் பாக்கணும், இதையும் நாமளே பாத்துக்குவோம்"னு ஆட்டுக் கத்திரியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாரு. இங்கதான் அவரு தப்புப் பண்ணாரு. என்ன தப்புன்னு இப்பவே கேக்காத, வருது.

மைதானத்துக்குப் போறதுக்கு முந்தின நாளு. மத்தியானம். ராசா ஒரு கூடை பேரிக்காயைக் காலி பண்ணிட்டு மரத்தடியில படுத்துத் தூங்கிட்டாரு. இம்மா சீப்பைக் கழுவ ஓடைக்குப் போனா. கழுவிக்கிட்டுத் திரும்பி வந்து பாக்கறா, புல்லெல்லாம் முடி! இருபது வருஷம் அவ சீவின முடி, கொத்துக் கொத்தாக் கிடக்கு. ராசா எந்திரிச்சு உக்காந்து, காது தெரியிற வெட்டின தலையைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு, "இம்மா, தலை லேசா இருக்கு"ங்கறாரு. பக்கத்துல வார்னோ, கையில கத்திரியோட.

இம்மா முடியை மடியில வாரிப் போட்டுக்கிட்டு ஓன்னு அழுதா.

"இந்தா, சத்தம் போடாத"ன்னாரு வார்னோ. "நாளைக்கு மைதானத்துல நான் சொல்றதுதான் பேச்சு. ராசாவுக்கு சாமியாராப் போக ஆசை வந்துடுச்சு, தன் முடியைத் தானே களைஞ்சுக்கிட்டாருன்னு சொல்லுவேன். சாயங்காலமே மடத்துக்கு அனுப்பிடுவேன். நீ வாயைத் திறந்த, அப்புறம் வாயில நாக்கு இருக்காது." அப்புறம் ராசா பக்கம் திரும்பி, "நீ அந்த மூணு வார்த்தையைத் தவிர நாலாவது வார்த்தை பேசக் கூடாது, தெரிஞ்சுதா?"ன்னாரு. ராசா தலையாட்டினாரு. அவருக்குத் தலையாட்டித்தான் பழக்கம்.

மறுநாள் காலையில மாட்டு வண்டி கிளம்புச்சு. ராசா தலையில ஒரு துணியைச் சுத்தி உள்ள உக்கார வச்சிருந்தாங்க. வார்னோ குதிரையில முன்னாடியே போயிட்டாரு. வண்டியோட்டறவன் பேரு போசோ. ஆளு பனைமரம் மாதிரி, மீசை ஒரு முழம், மண்டையில மட்டும் ஒண்ணுமில்லன்னு ஊரே சொல்லும். அவன் பக்கத்துல இம்மா உக்காந்து வழியெல்லாம் அழுதுக்கிட்டே வர்றா. மடத்துக்குப் போயிட்டா பிள்ளைய இனி கண்ணாலயே பாக்க முடியாதே, யாரு அதுக்குச் சோறு போடுவா, யாரு அதுக்குத் தலையைத் துவட்டுவான்னு அழறா.

போசோ ரொம்ப நேரம் யோசிச்சான். அவன் யோசிச்சா மாடு கூட மெதுவாப் போகும். அப்புறம் கேட்டான்:

"ஏக்கா, ராசாவுக்கு இனிமே மாவு மூட்டை யாரு குடுப்பா?"

"என்னடா உளர்ற?"

"இல்லக்கா, எனக்கு முதல் முடி வெட்டினது எங்க ஊரு மாவுமில்லுக்காரரு. அதனால அவரு எனக்கு ரெண்டாவது அப்பன். இன்னிக்கு வரைக்கும் அறுப்பு முடிஞ்சா ஒரு மூட்டை மாவு தர்றாரு. என் கல்யாணத்துக்குப் பசுமாடு குடுத்தாரு. போன மாசம் என்னைத் திட்டக் கூடச் செஞ்சாரு. ராசாவுக்கு நேத்துதானே முதல் முடி வெட்டியிருக்கு? அதான் கேட்டேன். யாரு மூட்டை குடுப்பா?"

இம்மா அழுகையை நிறுத்திட்டா.

புரியலையா? நம்ம வீட்டுல தாய்மாமன் மடியில உக்கார வச்சு முதல் மொட்டை அடிக்கிறோமில்ல, மாமன் சீரு செய்யிறாரில்ல, அந்த மாதிரி அந்தச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளைக்கு முதல் முடியை எவன் வெட்டறானோ அவன் அந்தப் பிள்ளைக்கு அப்பன். சும்மா பேச்சுக்கு அப்பன் இல்ல, சட்டத்துக்கு அப்பன். சோறு போடணும், குதிரை குடுக்கணும், வீட்டுல பங்கு குடுக்கணும், அந்தப் பிள்ளை மேல கையோங்கக் கூடாது, அது மேல எவனும் கையோங்க விடக் கூடாது. அதனால பெரிய மனுசங்களாப் பாத்து, கையில கால்ல விழுந்து, பிள்ளைக்கு முடி வெட்டச் சொல்லுவாங்க. ஆனா ராசா வீட்டுலதான் முடியே வெட்ட மாட்டாங்களே! அதனால ராசாவையும் அந்த வழக்கத்தையும் சேத்து யாருமே நினைச்சுப் பாத்ததில்ல. வரியும் வழக்கும் பாத்துப் பாத்து வார்னோவுக்கும் தோணல. மண்டையில ஒண்ணுமில்லாத போசோவுக்குத் தோணுச்சு பாரு.

இம்மா அவன் கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளி, "டேய் போசோ, மாட்டை விரட்டுடா!"ன்னா.

மைதானத்துல ஆயிரம் பேரு. எல்லாரு கையிலயும் ஈட்டி, எல்லாரு கையிலயும் கேடயம். அவங்களுக்கு ஒரு பேச்சு பிடிச்சுதுன்னா ஈட்டியால கேடயத்தைத் தட்டுவாங்க, பிடிக்கலன்னா முனகுவாங்க. முன்வரிசையில மூத்த வீரரு ஒருத்தரு, வெள்ளைத் தாடி, பேரு ஓட்டோ. சிரிக்காத, நம்ம தெருமுனையில நிக்கிறது வேற.

ராசா தலைத் துணியை அவிழ்த்தாங்க. சனமெல்லாம் எட்டி எட்டிப் பாத்துச்சு.

வார்னோ தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "மகா சனங்களே! நம்ம ராசாவுக்கு சாமியாராப் போக ஆசை வந்துடுச்சு. தன் முடியைத் தானே களைஞ்சுக்கிட்டாரு. முடி போச்சு, ஆகையினால இவரு இனி ராசா இல்ல. ஆனா நாற்காலி காலியா இருக்கக் கூடாதில்ல?"ன்னு சொல்லி, குல்லாயைக் கழட்டினாரு பாரு, மூணு வருஷம் அடைஞ்சு கிடந்த முடி, அவிஞ்சு போயி, பேனும் ஈருமா, தோள் மேல வந்து விழுந்துச்சு. பக்கத்துல நின்னவங்க ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாங்க.

இம்மாவுக்கு நாக்கு மேல ஆசைதான். பயம் இல்லாம இல்ல. ஆனா வெட்டின தலையோட நிக்கிற பிள்ளையப் பாத்தா, துணிஞ்சு முன்னால வந்துட்டா.

"பெரியவங்களே, நான் சீப்புக்காரி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது, முடி தெரியும். ராசா தானே வெட்டியிருந்தா பின்னந்தலை இவ்வளவு வரிசையா இருக்குமா? இது வேற யாரோ வெட்டினது."

ஓட்டோ வந்து பின்னந்தலையைப் பாத்தாரு. "ஆமா, சரிதான்"னாரு. சனம் முனக ஆரம்பிச்சுது.

"பாவம் நம்ம காரியக்காரரு"ன்னு இம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "அவரு அசந்த நேரம் பாத்து ஆட்டு ரோமம் வெட்டற எவனோ புகுந்து வெட்டியிருக்கான்."

பின்னால ஒருத்தன் சிரிச்சான். வார்னோ மூஞ்சி செவந்துச்சு.

"இல்லன்னா மடத்து ஆளு எவனோ புகுந்து வெட்டியிருக்கான், காரியக்காரருக்குத் தெரியவே இல்ல."

பத்துப் பேரு சிரிச்சாங்க. வார்னோ மீசை துடிச்சுது.

"இல்லன்னா அவரு சிப்பாயே எவனோ அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெட்டியிருக்கான். யாரு மதிக்கிறா அவரை? அரண்மனையில அவருக்குத் தெரியாம என்னென்னமோ நடக்குது!"

மைதானமே சிரிச்சுது. வார்னோவால தாங்க முடியல. "யாருடி சொன்னா எனக்குத் தெரியாதுன்னு? இந்த நாட்டுல என் கை படாம ஒரு வேலையும் நடக்காது! நான்தான் வெட்டினேன்!"

ஓட்டோ கேட்டாரு, "நீங்களா?"

"நானேதான்!"

"உங்க கையாலயா?"

"இந்தக் கையாலதான்!"

"இதுக்கு முன்னால யாரும் வெட்டினதில்லையே?"

"எவனுக்கு அந்தத் தைரியம்? முதமுதல்ல வெட்டினது நான்தான்!"

இம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டா. "நல்லாயிருங்க எசமான். உங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு."

அப்புறம் ஓட்டோவோட தாடிக்குள்ள இருந்து சிரிப்பு வந்துச்சு. வார்னோ கத்தினாரு: "அதெல்லாம் ஊரான் பிள்ளைங்களுக்கு உள்ள வழக்கம்! ராசாவுக்கு ஏது?"

"சரிங்க எசமான்"னா இம்மா. "இவரு இன்னும் ராசான்னா, ராசா தலையில கை வச்ச ஆளு நீங்க, உங்க கழுத்துக்கு என்ன ஆகும்னு இந்தப் பெரியவங்க சொல்லுவாங்க. இவரு ராசா இல்லன்னா, எங்க எல்லாரையும் மாதிரி ஒரு பிராங்குப் பிள்ளை, நீங்க அவருக்கு அப்பன். எது வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

வார்னோ ஆயிரம் ஈட்டியையும் ஒரு தடவை பாத்தாரு. கழுத்தைத் தடவிக்கிட்டாரு. "அப்பன்"னாரு, காதுல விழாத மாதிரி.

"சத்தமா!"ன்னாரு ஓட்டோ.

"அப்பன்! அப்பன்! அப்பன்!"

"அவரு சொன்னா ஆச்சா? பிள்ளை கூப்பிடணும், அப்பத்தான் வழக்கம் நிறையும்"னு சொல்லி ஓட்டோ ராசா பக்கம் திரும்பினாரு. "தம்பி, இவரை அப்பான்னு கூப்பிடறியா?"

இம்மா பிள்ளை வாயையே பாக்கறா. இந்தப் பிள்ளை இன்னிக்கு வரைக்கும் இந்த மைதானத்துல சொந்தமா ஒரு வார்த்தை பேசினதில்லையே! தலையாட்டிட்டா? அந்த மூணு வார்த்தையைச் சொல்லிட்டா? மத்ததை வார்னோ சொல்லுவாருன்னு சொல்லிட்டா, எல்லாம் போச்சே!

ராசா வார்னோவைப் பாத்தாரு. இம்மாவைப் பாத்தாரு. வெட்டின தலையை ஒரு தடவை தடவிப் பாத்தாரு. அப்புறம் நல்லா கணீர்னு சொன்னாரு:

"அப்பா, பசிக்குது."

அவ்வளவுதான், ஆயிரம் ஈட்டியும் ஆயிரம் கேடயத்தைத் தட்டுச்சு பாரு, மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்து போச்சு. இம்மா சிரிக்கிறாளா அழறாளான்னு அவளுக்கே தெரியல. பிள்ளை நாற்காலியில அப்பன் உக்காரக் கூடாதுன்னு அங்கேயே தீர்ப்பாயிடுச்சு. முடி வளர்ற வரைக்கும் நாற்காலி காலியாவே இருக்கட்டும், பிள்ளை அப்பன் வீட்டுல வளரட்டும்னு முடிவாச்சு.

அப்புறம் என்ன, வார்னோ வீட்டுக்கு ராசா வந்தாரு, கூட இம்மாவும் வந்தா. காலையில ஒரு பன்னி, மத்தியானம் ஒரு பன்னி, ராத்திரிக்கு ஒரு பன்னின்னு வார்னோ பட்டியெல்லாம் காலியாச்சு. பிள்ளைக்குக் குதிரையேறச் சொல்லிக் குடுக்கணும், அது அப்பன் கடமை. வழக்குத் தீக்கச் சொல்லிக் குடுக்கணும், அது அப்பன் கடமை. யாரு எந்த ஊருக்காரன், எந்த அதிகாரி திருடன்னு சொல்லிக் குடுக்கணும், அதுவும் அப்பன் கடமை. வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டோ வந்து, "பிள்ளை எப்படி இருக்கான்?"னு கேட்டுட்டுப் போவாரு. வார்னோ பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாரு. பிள்ளை மக்கு இல்ல, இத்தனை நாளா யாரும் வாயைத் திறந்து சொல்லாததுதான். சட்டுன்னு பிடிச்சுக்கிச்சு.

முதல் வருஷம் முடி கழுத்துக்கு வந்துச்சு. ரெண்டாவது வருஷம் தோளுக்கு வந்துச்சு. மூணாவது வருஷம் தோளுக்குக் கீழ இறங்குச்சு, இம்மா சீவிச் சீவி அனுப்பினா, மைதானத்துல சனமெல்லாம் ஈட்டியைத் தட்டி தாகோவை மறுபடியும் நாற்காலியில உக்கார வச்சுது.

உக்காந்ததும் தாகோ ராசா சொன்ன முதல் உத்தரவு என்ன தெரியுமா? எந்திரிச்சுப் போயி வார்னோ கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்கப்பா எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு. வயசாயிடுச்சு. இனி இவரு ஒரு வேலையும் செய்யக் கூடாது. வரி நான் பாத்துக்கறேன், சண்டை நான் பாத்துக்கறேன், வழக்கு நான் பாத்துக்கறேன். அப்பா, அந்தச் சாவிக் கொத்தைக் குடுங்க"ன்னாரு. நிஜமாவே பாசத்தோடதான் சொன்னாரு. நல்ல பிள்ளையாச்சே உங்க பிள்ளைன்னு ஊரெல்லாம் புகழுது, வார்னோ தன் இடுப்புல இருந்து சாவியை ஒவ்வொண்ணாக் கழட்டிக் குடுத்தாரு. மிச்ச காலம் பூரா குளிர்காயற கணப்பு அடுப்பு ஓரமா ஒரு மெத்தையில உக்காந்து, தினமும் பிள்ளை அனுப்பற சூப்பைக் குடிச்சுக்கிட்டு, செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்லாம விரலை எண்ணிக்கிட்டு இருந்தாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாராம்.

அடுத்தவங்க பிள்ளையோட தலையில கை வைக்கிறதுக்கு முன்னால, அதைக் கடைசி வரைக்கும் நாமதான் சுமக்கணும்னு ஒரு தடவை நினைச்சுக்கணும், அவ்வளவுதான் விஷயம். அவங்க சீமையில அவங்க சுகமா இருந்தாங்க, நம்ம வீட்டுல நாம சுகமா இருப்போம், கதை இங்கயே நிக்கட்டும்.